மழைத்தோட்டத்தை வரையும் முன் தெருக்காரர்களைக் கூப்பிடுங்கள்

மாநகராட்சிப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். தெருவில் விழும் மழையைச் செடி நட்ட பள்ளத்தில் தேக்கி அங்கேயே மண்ணுக்குள் இறக்கும் மழைத்தோட்டங்களுக்கு நிதி ஒதுக்குகிறீர்கள். மனமார வரவேற்கிறோம். ஆனால் குடியிருப்போரைத் திறப்பு விழாவுக்கு மட்டும் அழைப்பது போதாது. எந்த வாசலில் தண்ணீர் முதலில் ஏறும், எந்த மூலையில் பழைய கட்டட இடிபாடு புதைந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வரைபடத்துக்கு முன்பே அவர்களோடு தெருவில் நடந்து பாருங்கள்.

மண் சோதனையையும் அவர்கள் கண்முன் செய்யுங்கள். தோட்டத்தின் அடிமட்டம் வரப்போகும் ஆழத்தில் 30 செ.மீ. குழி வெட்டி, நீர் நிரப்பி, முழுக்க வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளக்க வேண்டும். காய்ந்த மண் முதல் தடவை வேகமாகக் குடிக்கும்; அந்த அளவை நம்பக் கூடாது. மணிக்கு 12 மி.மீ.க்கும் குறைவாக இறங்கினால் அடியில் துளைக்குழாய் பதித்து வடிகாலோடு இணைப்பது அவசியம். ஒரு தெருவுக்கு ஒரே குழி என்று முடித்துவிடாதீர்கள், மண் பத்தடிக்கு ஒருமுறைகூட மாறும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பல்லார்ட் பகுதியில் 2010 வாக்கில் தெருவோரம் அமைத்த மழைத்தோட்டங்கள் சில, நீர் வடியாமல் தேங்கி நின்றன. குடியிருப்போர் கொதித்தார்கள். சிலவற்றை மாற்றியமைக்க வேண்டியதாயிற்று.

அளவுக் கணக்கு எளிது. 200 ச.மீ. கூரையிலும் சாலையிலும் 25 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர். 20 ச.மீ. தோட்டத்தில் 15 செ.மீ. தேங்கவிட்டால் மேலே 3,000 லிட்டர் நிற்கும். அதன் அடியில் நிரப்பும் 60 செ.மீ. ஆழ மண்கலவையில் (மணலும் மட்கு உரமும் சேர்ந்தது) ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் என்று கொண்டால் இன்னும் 2,400 லிட்டர் உள்ளே போகும். முந்தைய நாள் மழையில் மண் நனைந்திருந்தால் இந்த இரண்டாவது இடம் இருக்காது. ஆகவே, மிகுதி நீர் வெளியேற வழி கட்டாயம். பெருமழைக்கு வடிகாலும் வேண்டும். தோட்டம் வடிகாலின் சுமையைக் குறைக்கும், அதை அகற்றிவிடாது. கட்டடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி அமையுங்கள்.

பெரும்பாலான தோட்டங்கள் கெடுவது கட்டும்போதுதான். பொக்லைன் பள்ளத்துக்குள் இறங்கி ஏறினால் அடிமண் இறுகிவிடும். வெளியே நின்றே தோண்டச் சொல்லுங்கள். சாலைப் பணி முடியுமுன் தோட்டத்தைத் திறந்தால் சிமென்ட் கழிவும் சேறும் வந்து மேற்பரப்பை அடைத்துவிடும், அதன்பின் மேல்மண்ணையே மாற்ற நேரும். கலவையில் மணல் பாதிக்கு மேல் இருக்கட்டும். மட்கு உரத்தை அள்ளிக் கொட்டினால் செடி செழிக்கும், ஆனால் மிகுந்த சத்து கசிந்து துளைக்குழாய் வழியே நீர்நிலைக்குப் போகும். மண்கலவைக்கும் அதன் அடியில் துளைக்குழாயைச் சுற்றிய ஜல்லிக்கும் இடையே துணி விரிப்பதைத் தவிருங்கள். அதில் நுண்மண் படிந்து அடைத்துக்கொள்ளும். சிறு கூழாங்கல் அடுக்கே நல்லது.

பராமரிப்புக்கு வருவோம். சாலைநீர் நுழையும் வாயில்தான் முதலில் அடைபடும். அங்கே ஒரு விரற்கடை வண்டல் மேடிட்டாலே நீர் தோட்டத்துக்குள் திரும்பாமல் நேராக ஓடிவிடும். அந்த வாயிலின் தளத்தைச் சாலை மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இறக்கிக் கல் பாவினால் வண்டலை மண்வெட்டியால் அள்ளலாம். இதைத் தெருக்குழு செய்யும், ஆனால் கூலி கொடுங்கள். எப்போதும் அதே நாலு பேரின் நல்ல மனதை நம்பியே ஒரு பொதுக் கட்டமைப்பை நடத்துவது நியாயமல்ல. துளைக்குழாய் கழுவுவதும் மண் மாற்றுவதும் உங்கள் பொறுப்பு என்று எழுதி வையுங்கள்.

கொசு பற்றிய அச்சம் நியாயமானது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். நீர் 48 மணி நேரத்துக்குள் வடிந்தால் அதற்கு வாய்ப்பில்லை. எனவே ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கக் கேட்கிறோம்: இறுதித் தொகை வழங்குமுன் தண்ணீர் லாரியால் தோட்டத்தை நிரப்பி, 48 மணி நேரம் கழித்துக் குடியிருப்போர் வந்து பார்க்க வேண்டும். நீர் நின்றால், ஒப்பந்ததாரர் தம் செலவில் சரிசெய்து மறுசோதனைக்கு வரட்டும்.

இப்படிக்கு,
மழைநீர்ப் பணியில் உள்ள பொறியாளர்களும் தோட்டப் பராமரிப்புக் குழுவினரும்