நகைச்சுவை நடிகர் மட்டுமல்ல

ஆசிரியருக்கு,

அமெரிக்க நடிகர் ஆண்ட்ரே பிராவர் மறைவு குறித்த தங்கள் செய்தியில் 'நகைச்சுவைத் தொடர் நடிகர்' என்ற ஒரே அடையாளம்தான் இருந்தது. 'புரூக்ளின் நைன்-நைன்' என்ற காவல் நிலைய நகைச்சுவைத் தொடரில் அவர் நடித்த கேப்டன் ஹோல்ட்டை உலகமே ரசித்தது, சரி. ஆனால் சிரிக்காத அந்த முகம் நம்மைச் சிரிக்க வைத்ததற்குப் பின்னால் இருபது ஆண்டு கனமான நடிப்பு இருக்கிறது. 'ஹோமிசைட்' என்ற கொலை விசாரணைத் தொடரில் துப்பறிவாளர் பெம்பிள்டனாக, விசாரணை அறையில் குரலை ஏற்றி இறக்கியே குற்றவாளியைப் பேச வைப்பார். கதையில் பக்கவாதம் வந்த பிறகு அதே பெம்பிள்டன் சொல் கிடைக்காமல் திணறும் காட்சிகளைப் பார்க்கவே மனம் பதறும். அந்த வேடத்துக்குத்தான் 1998-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றார்.

நான் அவரை முதலில் பார்த்தது 1989-இல் வெளியான, அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கறுப்பினப் படைவீரர்களைப் பற்றிய 'குளோரி' படத்தில், வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில். மூக்குக்கண்ணாடி அணிந்த படிப்பாளியாக வரும் அவர், துப்பாக்கி முனைக் கத்திப் பயிற்சியில் அடிபட்டு மண்ணில் விழுவார். அந்த முகத்தில் தெரிந்த அவமானத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அதுதான் அவருடைய முதல் திரைப்படம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இத்தகைய கலைஞர்களுக்கு அஞ்சலி எழுதும்போது, கடைசியாகப் புகழ் தந்த வேடத்தோடு நிறுத்தாமல், முக்கியப் படங்களையும் தொடர்களையும் ஆண்டுவாரியாக ஒரு சிறு பெட்டிச் செய்தியாகத் தாருங்கள்.