ஜீப் ஓனர் டிரைவர் சங்க ஆண்டறிக்கை, மூணாறு

எல்லா மெம்பர்களுக்கும் வணக்கம். வரவு செலவை பொருளாளர் அண்ணன் வாசிப்பாரு, சந்தா பாக்கி லிஸ்ட் ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருக்கு, நான் நேரா பனி விஷயத்துக்கு வர்றேன், இந்த வருஷம் கூடின கூட்டத்துல பாதிக்கு மேல அதைப் பத்திதான் பேசினோம்.

செவன்மலை, லட்சுமி, செண்டுவரை தேயிலை எஸ்டேட் பக்கம் தொழிலாளர் லயத்து வீட்டு வாசல்ல வண்டி போடுறவங்க பட்ட பாடு சொல்லி மாளாது. கொழுக்குமலை சூரிய உதயத்துக்கு ராத்திரி 2.30 மணிக்கே எந்திரிச்சா கண்ணாடி முழுக்க உப்பு அப்பின மாதிரி வெள்ளையா கிடக்கும், கதவு ரப்பர் ஒட்டிக்கிட்டு வராது, குளிர்ல பேட்டரிக்கும் தெம்பு கொறையும் இஞ்சின் ஆயிலும் கெட்டியாகும், ரெண்டும் சேர்ந்து வண்டி மூணு தடவை முனகிட்டு படுத்துடும். கெஸ்ட் லாட்ஜ் வாசல்ல நிப்பாங்க. 6.30க்கு முன்னாடி மேல ஏத்தலன்னா அன்னைக்கு வாடகையும் போச்சு பேரும் போச்சு.

கண்ணாடில கொதிக்கிற தண்ணி ஊத்தாதீங்கன்னு போன வருஷமே சொன்னேன். இந்த வருஷமும் ஒரு தம்பி ஊத்தி குறுக்கால விரிசல் விட்டுடுச்சு, ரெண்டு நாள் சம்பாத்தியம் அதுலயே கரைஞ்சுது. ராத்திரியே தார்ப்பாயோ சாக்கோ போட்டு மூடிடுங்க. வானம் தெளிஞ்சு காத்தே இல்லாம நட்சத்திரம் நல்லா தெரியுதுன்னா அன்னைக்கு வெள்ளைப்பனி உண்டு, மேகம் மூடியிருந்தா தரைச்சூடு அவ்வளவு சீக்கிரம் போகாது. குளிர்ந்த காத்து தண்ணி மாதிரி பள்ளத்துக்குத்தான் இறங்கும், அதனாலதான் ஆத்தோரம் போட்ட வண்டியெல்லாம் மாட்டுச்சு, மேட்டுல மரத்தடியில போட்டது தப்பிச்சுது. அதே பனிதான் தேயிலையையும் கருக்கிட்டுப் போகுது, கொளுந்து இல்லன்னா நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கும் வேலை கொறையும், அடி ரெண்டு பக்கமும் நமக்குத்தான்.

ஜனவரில என் வண்டில ஒரு கனடாக்காரர் வந்தாரு, சொந்தமா சின்ன விமானம் வச்சிருக்காராம். அங்க பனி மழை மாதிரி கொட்டி ஷெட் கதவை அடைச்சுடுமாம், அள்ளிப் போடாம விமானத்தை வெளிய எடுக்க முடியாது, இஞ்சினை மணிக்கணக்கா ஹீட்டர் வச்சு சூடாக்கணும். ரெக்கை மேல உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு பனி படிஞ்சிருந்தாலே தூக்குற சக்தில 30 சதவீதம் வரைக்கும் கொறையலாம்னாரு, அதனால முழுசா தொடைக்காம கிளம்பவே மாட்டாராம். நாம என்னடான்னா உள்ளங்கை அளவு ஓட்டை தொடச்சுட்டு அது வழியா பாத்து ஓட்டுறோம். கேப் ரோடு மலைப்பாதையில நம்ம மெம்பர் ஒருத்தர் அப்படிப் போய் முன்சக்கரம் ஓடையில இறங்கிடுச்சு, உள்ள ஆறு பேர், ரெண்டு குழந்தைங்க. அன்னைக்கு முழுக்க எனக்கு சோறு இறங்கல. கண்ணாடி முழுசா தெளியாம ஸ்டாண்டுல இருந்து எந்த வண்டியும் கிளம்பக்கூடாதுன்னு கமிட்டி தீர்மானம் போட்டிருக்கு, கெஸ்ட் கத்தினா செக்ரட்டரி நம்பர் குடுங்க, நான் பேசிக்கிறேன்.

வண்டிகளை நிறுத்த பொது ஷெட்டுக்கு இடம் கேட்டு ரெண்டு மனு குடுத்தோம், பதிலே வரல. மூணாவதை நேர்ல குடுக்கணும், எல்லாரும் வாங்க. அதுவரைக்கும் மேட்டுப்பக்கம் தற்காலிகமா ஒரு கூரை போடலாம்னு இருக்கோம், பழைய தகரம், கம்பு, கயிறு எது இருந்தாலும் ஞாயித்துக்கிழமைக்குள்ள ஸ்டாண்டுல வந்து சொல்லிடுங்க.