கட்டப் பணமில்லை என்றாலும் ரிட்டர்னைப் போட்டுவிடு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டில் வெயில் நன்றாக வருகிறது, துளசி தழைத்திருக்கிறது என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறாள்.

ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. "வரி கட்டக் கையில் பணமில்லை, அதனால் இந்த வருஷம் ரிட்டர்ன், அதான் வரிக் கணக்கு, போடாமல் விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்" என்கிறாய். விடாதே டீ. கட்ட முடியாதது ஒரு விஷயம், தாக்கல் செய்யாதது வேறொரு விஷயம். இரண்டையும் ஐ.ஆர்.எஸ்., அதாவது அமெரிக்க வரித் துறை, ஒன்றாகப் பார்ப்பதில்லை.

கணக்கைப் பார். 5,000 டாலர் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 15-க்குள் ரிட்டர்ன் போடாவிட்டால் மாதத்துக்கு 5 சதவீதம் அபராதம், அதாவது 250 டாலர். ஐந்தே மாதத்தில் 1,250 ஆகிவிடும். ரிட்டர்னை நேரத்துக்குப் போட்டுவிட்டுப் பணம் மட்டும் கட்டாமல் இருந்தால் மாதத்துக்கு அரை சதவீதம், 25 டாலர்தான். அதே ஐந்து மாதத்துக்கு 125. தவணைக்கு ஏற்பாடு செய்துகொண்டால் அந்த அரையும் கால் சதவீதமாகக் குறையும். வட்டி இரண்டு வழியிலும் உண்டு, அதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் பத்து மடங்கு அபராதத்தை நீயாக ஏன் இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்?

இன்னொன்று. கம்பெனியை விட்டுத் தனியாக டிசைன் வேலை செய்ததில் 41,000 டாலர் வந்தது, அத்தனைக்கும் வரி கட்ட எங்கே போவேன் என்று கேட்கிறாய். வந்த பணத்துக்கு வரி இல்லை, லாபத்துக்குத்தான். டிசைன் மென்பொருள் சந்தா, புது லேப்டாப், வேலைக்கான இன்டர்நெட் பங்கு, வேலைக்கு மட்டுமே ஒதுக்கிய அந்தச் சின்ன அறை எல்லாமே, சுயதொழில் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி படிவத்தில் செலவாகப் போகும். 11,000 தேறினால் மிச்சம் 30,000. அதில் 92.35 சதவீதத்துக்கு 15.3 சதவீதம் போட்டால் சுயதொழில் வரி, அதாவது சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்கும் போகிற வரி, சுமார் 4,239 டாலர். அதில் பாதியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நீ கட்டும் மருத்துவக் காப்பீட்டையும் அங்கே கழிக்க வழி இருக்கிறது.

நீ போடாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? உனக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று உன் கிளையன்ட்கள் எழுதி அனுப்பிய 1099 படிவங்கள் ஐ.ஆர்.எஸ். கையில் இருக்கின்றன. அவர்களே உனக்காக ஒரு ரிட்டர்ன் தயாரிக்கலாம். அதில் உன் வருமானம் இருக்கும், செலவு இருக்காது. 41,000-க்கும் கணக்குப் போட்டால் சுயதொழில் வரியே 5,793 ஆகிறது. உன் லேப்டாப் பில்லை உன்னைத் தவிர யாரும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டப் போவதில்லை.

நூலகத்தில் நடக்கும் இலவச வரி உதவி முகாமில் நான் உட்காருவது உனக்குத் தெரியும். அங்கே வருகிறவர்களில் என்னை அதிகம் வருத்துவது, பிரிக்காத கடிதங்களைப் பையில் போட்டுக் கொண்டுவருகிறவர்கள். எல்லோரும் நேர்மையானவர்கள், உழைப்பாளிகள். முதல் வருஷம் பணம் இல்லாததால் கூசிப்போய் ரிட்டர்ன் போடவில்லை. அது போடாததால் அடுத்த வருஷமும் பயம். மூன்றாம் வருஷம் எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் நிற்கிறார்கள். நீ அந்த வழியில் போகக் கூடாது. வந்த பணம் வாடகைக்கும் காப்பீட்டுக்கும் போனது, இரண்டு கிளையன்ட் பாக்கி வைத்திருக்கிறார்கள். இதில் நீ கூச என்ன இருக்கிறது? கம்பெனியில் இருந்தவரை இந்தச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியில் உன் பங்கைச் சம்பளத்திலேயே பிடித்தார்கள், மறுபாதியை அவர்கள் கட்டினார்கள். இப்போது இரண்டும் உன் தலையில், ஒரே நாளில் வந்து விழுகிறது. முதல் வருஷம் இது யாரையும் உலுக்கும்.

அந்த 15.3-இல் 12.4 சமூகப் பாதுகாப்புக்குப் போகிறது என்பதையும் நினைத்துப் பார். ஓய்வூதியத்துக்கு உனக்கு 40 கிரெடிட் வேண்டும், அவை சம்பாதித்து வரி கட்டிய வருமானத்தை வைத்துச் சேர்வது. சுயதொழில் வருமானத்தை அந்த வருஷம் முடிந்து 3 வருஷம், 3 மாதம், 15 நாளுக்குள் தெரிவிக்காவிட்டால் அந்த வருஷம் பொதுவாக உன் பேரில் ஏறவே ஏறாது. இரவு இரவாகக் கண்விழித்து வேலை செய்த வருஷம் கணக்கில் இல்லாமல் போவதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. குடியுரிமைக்கும் நீ விண்ணப்பிக்க வேண்டும். என்-400 படிவத்தில் ரிட்டர்ன் போடாமல் இருந்தாயா, வரிப் பாக்கி உண்டா என்று கேட்பார்கள். தவணை ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு "ஆமாம், கட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்வது வேறு, போடவே இல்லை என்பது வேறு.

ஆகவே ரிட்டர்னைப் போடு, கூடவே முடிந்ததைக் கட்டு. நூறு டாலரானாலும் சரி, அந்த அளவுக்கு வட்டி குறையும். கிளையன்ட் பாக்கி வந்துவிடும் என்று நம்பிக்கை இருந்தால் 180 நாள் அவகாசம் கேள், அதற்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. இல்லையென்றால் மாதத் தவணை, ஐ.ஆர்.எஸ். தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், வங்கியிலிருந்து தானாக எடுக்கச் சொன்னால் கட்டணம் 22 டாலர், வருமானம் குறைவு என்றால் அதுவும் தள்ளுபடி. பயத்தில் பெரிய தொகைக்கு ஒப்புக்கொண்டுவிடாதே. வேலை இல்லாத மாதத்திலும் உன்னால் கட்ட முடிகிற தொகையாகச் சொல். அக்டோபர் 15 வரை நீட்டிப்பு வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது தாக்கல் செய்யத்தான், கட்டுவதற்கு இல்லை. மாநில வரி தனி, அதற்கும் தனியாகத் தவணை கேட்க வேண்டும்.

"கடனைச் சில்லறைக் காசுக்கு முடித்துத் தருகிறோம்" என்று ரேடியோவில் கூவுகிறவர்களிடம் மட்டும் போகாதே. சமரசத் திட்டம் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் உன் சொத்தையும் சம்பாத்தியத்தையும் சல்லடை போட்டுப் பார்த்துத்தான் தருவார்கள். ரிட்டர்ன் பாக்கி இருந்தால் அதையும் பரிசீலிக்க மாட்டார்கள்.

இந்த வருஷத்து வருமானத்துக்கு முன்கூட்டியே தவணையாகக் கட்டும் காலாண்டு வரியும் தொடங்கிவிட்டது. அதன் முதல் தவணைக்கும் அதே ஏப்ரல் 15-தான் கெடு, அடுத்தது ஜூன் 15. பழைய பாக்கிக்குத் தவணை கட்டிக்கொண்டே புதுப் பாக்கி வைத்தால் ஒப்பந்தம் முறிந்துபோகலாம். ஒவ்வொரு பில்லுக்கும் பணம் வந்த அன்றைக்கே கால் பங்கை வேறு கணக்கில் போட்டுவிடு. முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும்.

1099 படிவங்களையும் செலவுப் பட்டியலையும் எடுத்து வை. பில் தொலைந்திருந்தால் வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து வை, தொகையை அதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம், ஆனால் எதற்கான செலவு என்பதற்கு அது மட்டும் போதாமல் போகலாம். சனிக்கிழமை மத்தியானம் போன் செய், இருவரும் உட்கார்ந்து ஷெட்யூல் சி-யை நிரப்பிவிடுவோம். அந்த அறையின் நீள அகலத்தையும் அளந்து வை, அறைச் செலவைக் கணக்கிட அது வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி