டர்பைன் மேல் ஏன் இந்தப் பழி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ரயில் கட்டுரையில், 1952-இல் லண்டனை அடுத்த ஹாரோவில் '112 பேரைக் காவு வாங்கிய டர்பைன் எஞ்சின்' என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

இங்கிலாந்தின் 6202-ஆம் எண் எஞ்சினில் 1935-இல் ஸ்டானியர் என்ற பொறியாளர் டர்பைனை, அதாவது நீராவி பட்டுச் சுழலும் இறக்கைச் சக்கரத்தை, வைத்தார். 1952-இல் அதைக் கழற்றிவிட்டு, மற்ற எஞ்சின்களைப் போலச் சிலிண்டரும் பிஸ்டனும் மாட்டி, 'பிரின்சஸ் ஆன்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அப்புறம் ஏறக்குறைய இரண்டு மாதத்தில்தான் விபத்து. அதுவும் எப்படி? பெர்த்திலிருந்து வந்த இரவு வண்டி சிக்னலைத் தாண்டிப் போய், நின்றிருந்த உள்ளூர் வண்டியின் பின்னால் மோதியது. அந்த இடிபாட்டில் எதிர்ப்பக்கமிருந்து வந்து சிக்கியது லிவர்பூல் வண்டி. அதை இழுத்த இரண்டு எஞ்சின்களில் ஒன்று இது. இல்லாத டர்பைன் யாரைக் காவு வாங்கியது? தாங்கள் அறியாததல்ல, அச்சுக்குப் போகும் அவசரத்தில் விட்டிருப்பீர்கள்.

நான் 31 ஆண்டுகள் ஓர் அனல் மின் நிலையத்தில் டர்பைன் பக்கத்திலேயே ஷிப்ட் பார்த்தவன். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது அதன் உறைமேல் ஒரு ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்துவோம். விழாது. பிஸ்டன் எஞ்சின் தண்டவாளத்தைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடித்துக்கொண்டு போகும். அந்த அடியை ஒழிக்கத்தான் ரயிலில் டர்பைனை வைக்க இத்தனை பாடும்.

குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. லோடு இறங்கினால் டர்பைன் நீராவியைத் தின்று தீர்க்கும். வேலையில் சேர்ந்த முதல் மாதமே எங்களுக்கு அது தெரிந்துவிடும். அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்வே 1944-இல் ஓட்டிய 6200-ஆம் எண் டர்பைன் எஞ்சின், 6,900 குதிரைத்திறன் இருந்தும், மெதுவாகப் போகும்போது அப்படித்தான் திணறியது. செசபீக் அண்ட் ஒஹாயோ கம்பெனியின் டர்பைன்-மின்சார எஞ்சின்களில், டர்பைன் தரும் மின்சாரத்தில் சக்கரத்தைச் சுற்றும் மோட்டாருக்குள் நிலக்கரித் தூள் புகுந்தது. இவற்றைத் தோல்வி என்று எழுதுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சுவீடனில் 1930-களில் இரும்புத்தாது வண்டிகளை இழுத்த மூன்று டர்பைன் எஞ்சின்கள் பாதை மின்மயமாகும்வரை உழைத்தன. ஸ்டானியர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் 6202-ஐச் செய்தார். அவற்றைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. நல்லபடியாக உழைத்ததற்குத் தங்கள் பத்திரிகையில் இடம் கிடைக்காது போலும்.

படமாவது சரியா? '6202' என்று போட்டிருக்கும் படத்தில் பக்கத்துக்கு நான்கு பெரிய சக்கரங்கள். 6202-க்கு மூன்றுதான். தாங்கள் போட்டது பென்சில்வேனியாவின் 6200. முன்பு ஊட்டி ரயிலைக் கயிறு கட்டி இழுப்பதாக எழுதினீர்கள். அது பல்சக்கரம் என்று கடிதம் போட்டேன், வரவில்லை. மெகாவாட்டையும் யூனிட்டையும் குழப்பியபோதும் எழுதினேன், அதுவும் வரவில்லை. அந்த வாரம் வாசகர் பக்கத்தில் வத்தக்குழம்பைப் பற்றி இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. வத்தக்குழம்பும் முக்கியம்தான், சரி.

இந்தக் கடிதத்தைப் போட வேண்டாம். அடுத்த இதழில் எங்கேயாவது ஒரு மூலையில், படத்தில் இருப்பது 6202 அல்ல என்று ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
22 ஆண்டுகளாகச் சந்தா கட்டும் ஒரு வாசகன்