பலமிதிக்கு ஏறும் வழி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்த சேதியில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். இங்கும் யாவரும் நலம்.

செப்டம்பரில் கிரீஸ் போகிறாய் என்றால் ஏதென்ஸோடு திரும்பிவிடாதே. அங்கிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்துக்குள் நாஃப்லியோ வந்துவிடும். ஊர்த் தலைக்குமேல் 216 மீட்டர் உயரக் குன்றில் நிற்பது பலமிதி கோட்டை.

மேலே போகப் படிகள் 999 என்பது ஊர்ப்பேச்சு. எண்ணிப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள், பெரும்பாலும் 900-ஐ ஒட்டி. எண்ணிக்கையைவிடக் கல்தான் கவலை. மிதிபட்டு மிதிபட்டு வழவழத்துப்போன கல். படி உயரமும் ஒரே சீராக இருக்காது. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் முழங்கால் உயிரை எடுக்கும், காலும் வழுக்கும். அதனால் 'டாக்ஸியில் ஏறி, படியில் இறங்கு' என்று யார் சொன்னாலும் கேட்காதே. காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கு நீ படியேறு. படிகள் மேற்குச் சரிவில் இருப்பதால் அப்போது வெயில் குன்றுக்குப் பின்னால்தான் இருக்கும். முழங்கால் வலியுள்ள கமலா சுமார் 3 கிலோமீட்டர் சாலை வழியாக டாக்ஸியில் கிழக்கு வாசலுக்கு வரட்டும். இறங்குவது இருவரும் வண்டியிலேயே. எத்தனை மணிக்குத் திரும்ப வர வேண்டும் என்று டிரைவரிடம் முன்பே பேசி வை.

மேலே நிழல் அரிது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, ரப்பர் அடி ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம்.

கோட்டையை வெனிஸ்காரர்கள் 1711 முதல் 1714 வரை மூன்றே வருஷத்தில் கட்டி முடித்தார்கள். எட்டுக் கொத்தளங்கள். ஒன்று விழுந்தாலும் மற்றவை தனித்தனியே போரிட வேண்டும் என்பது திட்டம். யோசனை அருமை, நிற்க ஆள்தான் இல்லை. 1715 ஜூலையில் உஸ்மானியத் துருக்கியர் வெடிவைத்துப் பிளந்து உள்ளே புகுந்துவிட்டார்கள். பிறகு கிரேக்க விடுதலைப் போரில், 1822 நவம்பர் 30-க்கு முந்தைய இரவில் ஸ்டைக்கோபூலோஸின் கிரேக்கப் படை ஏறியபோது, துருக்கியக் காவலரைப் பசி ஏற்கெனவே பாதி வென்றிருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு, மதில் தாழ்ந்து நிற்கும் அக்கிலீஸ் கொத்தளத்தைப் போய்ப் பார். கோட்டையின் பலவீனமான இடம் அதுதான். கூட்டம் அந்தப் பக்கம் வருவதில்லை.

கூட்டமெல்லாம் புனித அந்திரேயா கொத்தளத்தில், கொலொகொத்ரோனிசின் சிறை என்று காட்டும் அறையில்தான். விடுதலைப் போரின் தளபதிக்கே 1834-ல் மரண தண்டனை விதித்தார்கள். மறு வருஷம் மன்னிப்பும் வந்தது. வாயில் மிகத் தாழ்வு, முதுகை மடக்கித்தான் நுழைய வேண்டும். உள்ளே இருட்டு, டார்ச் எடுத்துக்கொள். கமலா வெளியே இருப்பதே நல்லது.

குளிர்காலத்தில் பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள் என்பதால் பயணம் தள்ளிப்போனால் நேரத்தை விசாரித்துக்கொள். புறப்படும் தேதி முடிவானதும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
ராமநாதன்