அம்மாவுக்கு, ஜெர்மனியின் டோர்ட்மண்டிலிருந்து

அன்புள்ள அம்மா,

நலம், நலமறிய ஆவல். போனில் பேசும்போது அப்பாவும் தம்பியும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

பாஷை தெரியாமல் எப்படிச் சமாளிக்கிறாய் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். கடைக்குப் போக இங்கே வாயே தேவையில்லை. விலை திரையில் தெரியும், காசைக் கொடுத்துவிட்டு வரலாம். காலி பிளாஸ்டிக் பாட்டிலை மெஷினில் போட்டால் வாங்கும்போது கட்டிய முன்பணம் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்ப என்று சீட்டு வரும். கஷ்டமெல்லாம் தபால் பெட்டியில்தான். இன்ஷூரன்ஸ், கரண்ட், விசா, எதுவானாலும் காகிதத்தில், ஜெர்மனில், இந்தத் தேதிக்குள் பதில் போடு என்று வருகிறது. உன் மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து வரும்வரை அப்படியே மேஜையில் கிடக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன மாதம் டாக்டரிடம் போனோம். மாதாமாதம் எனக்கு வருகிற அந்த வலிதான், உனக்குத் தெரியுமே. டாக்டர் என்னைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டார். என் பக்கம் திரும்பாமலே இவர் இரண்டு வார்த்தையில் பதில் சொன்னார். வலிப்பது எனக்கு, நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் மேல் குறை இல்லை அம்மா, தெரிந்ததைத்தானே சொல்ல முடியும். மருந்துக்கடையில் இருந்த பெண் டப்பாமேல் பேனாவால் 1-0-1 என்று எழுதிக் காட்டினாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, நம்ம ஊர் டாக்டர் சீட்டில் எழுதுகிற அதே கணக்கு. அன்றைக்கு யாரையும் கேட்காமல் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

அப்புறம் ஹாம் ஊரில் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம். 2002-ல் கும்பாபிஷேகம் ஆன கோயில், கோபுரத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது. 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. அங்கே ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் மனம்விட்டுச் சொன்னேன். "நான் பள்ளிக்கூடம் போற பெடியனைத்தான் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனனான் பிள்ளை. பொம்பிளை வருத்தத்தை அவனிட்டை என்னெண்டு சொல்லுறது? சொல்லாமலே திரும்பி வந்தனான்" என்றார். வருத்தம் என்றால் அவர்கள் பேச்சில் நோய். ராத்திரி முழுக்க அதுவே மனதில் ஓடியது.

இவருக்கு புளூ கார்டு, அதாவது படித்து வேலைக்கு வருகிறவர்களுக்குத் தரும் அனுமதி, என்பதால் நான் வரும்போது மொழிச் சான்று எதுவும் கேட்கவில்லை. அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. கேட்டிருந்தால் ஊரிலேயே கொஞ்சம் படித்துக்கொண்டு வந்திருப்பேன். இப்போது வகுப்பில் சேர்ந்துவிட்டேன். மொழிக்கு 600 மணி நேரம், இந்த நாட்டுச் சட்டம், வரலாறுக்கு 100 மணி நேரம், முடிவில் பி1 என்கிற நடுத்தர நிலைப் பரீட்சை. என் பக்கத்தில் உட்காருகிறவள் சிரியாக்காரி. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது இந்த அரைகுறை ஜெர்மன் மட்டும்தான். அதனால் தப்போ சரியோ, பேசித்தான் ஆகவேண்டும். அவளுக்கு மூன்று பிள்ளைகள் என்பதை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்!

வேலைக்குப் போவதற்காகவா என்று இவர் கேட்டார். அது பிறகு. அடுத்த தடவை டாக்டர் அறைக்குள் நான் தனியாகப் போகவேண்டும், இவர் வெளியே நாற்காலியில் இருக்கட்டும் என்றேன். சரி என்றார்.

வகுப்பு நம்ம ஊர் நேரத்துக்கு மத்தியானம் ஒன்றரையிலிருந்து ஐந்து மணி வரை. அப்போது போன் எடுக்கவில்லை என்றால் பதறாதே. இந்த வலி விஷயம் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் அன்பு மகள்