திரும்பிப் போன மூவர்

இராணிப்பேட்டை

அன்பு மகள் கலைச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தொலைபேசியில் நீ "நல்லா இருக்கேன்ப்பா" என்பதற்கு மேல் பேசுவதில்லை, அதனால்தான் கடிதம். தீபாவளிக்கும் நீ வரவில்லை. வங்கி வேலையைப் பற்றி மாப்பிள்ளையின் தம்பி ஏதோ சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

சென்ற வாரம் உன் சித்தப்பா மகளை நர்சிங் சேர்க்கை தொடர்பாக வேலூர் பாகாயத்திலுள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) அழைத்துப் போயிருந்தேன். அவள் உள்ளே போயிருந்த நேரத்தில், மரத்தடியில் என்னருகே அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் அந்தக் கல்லூரி உருவான வரலாற்றைச் சொன்னார். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-இல் நம் இராணிப்பேட்டையில் பிறந்தவர் என்பதே, இதே ஊர்த் தோல் ஷாப்பில் 31 ஆண்டுகள் கணக்கெழுதிய எனக்கு அன்றுவரை தெரியாது.

திண்டிவனத்தில் மருத்துவரான தந்தையோடு அவர் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்ற வருமாறு அவரை அழைத்திருக்கிறார்கள். தாம் மருத்துவம் படித்தவரல்லர், தந்தையை அனுப்புகிறேன் என்று அவர் சொல்ல, அந்நிய ஆண் தம் வீட்டுப் பெண்ணைத் தொடக் கூடாது என்று மூவருமே திரும்பிப் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன் பிறகே அவர் அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே திரும்பி வந்தார். நாம் குலதெய்வம் கும்பிடப் போகும் அதே குடியாத்தம் சாலையில், வழியோரத்தில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்திருக்கிறார். 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1922-இல் 14 பெண்கள் படித்து முடித்து வெளியே வந்தார்கள். ஆண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது 1947-இல்தான்.

வீடு திரும்பியதிலிருந்து அந்த மூன்று கணவர்களே என் மனத்தில் நிற்கிறார்கள். அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். மனைவி பிழைக்க வேண்டும் என்றுதானே இரவில் ஓடி வந்தார்கள்? நானும் உன்மீது அன்பு வைத்தவன்தான். நீ பி.காமில் முதலிடம் பெற்ற செய்தித்தாள் துண்டு இன்றும் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனாலும் உன் நர்சிங் விண்ணப்பத்தில் நான் கையெழுத்திடவில்லை.

இரவுப் பணி பார்க்கும் பெண்ணுக்கு வரன் அமையாது என்று சித்தூர் மாமா தடுத்ததாக உன்னிடம் சொன்னேன். கலை, மாமா அப்படிச் சொல்லவில்லை. "புள்ள ஆசைப்படுது, சேத்துவிடுங்க மச்சான்" என்றுதான் சொன்னார்; முதலாண்டுக் கட்டணத்தைத் தானே கட்டுவதாகவும் சொன்னார். பயந்தவன் நான். உன் முகத்தைப் பார்த்து மறுக்கத் துணிவில்லாமல் பழியை அவர்மேல் போட்டேன். அவர் இறந்தபோது நீ போகாமல் இருந்துவிட்டாய்; அன்றைக்காவது நான் வாய் திறந்திருக்க வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சித்தூருக்குப் போய் அத்தையிடம் இதைச் சொல்லப் போகிறேன். சனிக்கிழமை இரவுக்குள் நீ வந்துவிட்டால் சேர்ந்தே போகலாம். வர இயலாவிட்டாலும் அத்தையிடம் ஒரு வார்த்தை பேசு. வேலை விஷயத்தை உனக்குத் தோன்றும்போது சொல். நான் கேட்க மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா